சிங்கிள், இபி, ஆல்பம்: வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்குச் சொல் வேண்டும்

ம.ச., சென்னை

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

ஓர் இசைத்தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சினிமாவில் வராத பாட்டுகளுக்கென்றே அதில் ஒரு பக்கம் உண்டு. மேலே புதிய இசைக் காணொளிகள், கீழே வரவிருக்கும் வெளியீடுகள். ஒவ்வொரு அட்டைப்படத்துக்கும் அடியில் ஒரு சின்னப் பட்டை வரும். அதில் சிங்கிள் (ஓரிரு பாட்டு), இபி (சில பாட்டு), ஆல்பம் (முழுத்தொகுப்பு) மூன்றில் ஒன்று இருக்கும். பட்டையில் 12 எழுத்துக்கு மேல் இடமில்லை. புதுப்பாட்டு உலகமெங்கும் வெள்ளிக்கிழமை வெளிவருவது 2015 ஜூலை 10 முதல் வழக்கமாகிவிட்டதால், வியாழன் இரவுக்குள் நான் கோப்பைக் கொடுத்தாக வேண்டும்.

மூன்றையும் ஆங்கிலச் சொல்லாகவே விட்டுவிடலாமே என்பீர்கள். சிக்கல் அங்கேதான். நம்மூரில் 'ஆல்பம் பாட்டு' என்றால் சினிமாவில் வராத எந்தப் பாட்டும் ஆல்பம் பாட்டுதான். 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' ஒரே பாட்டு, 2024-இல் வந்த 'கட்சி சேர'யும் ஒரே பாட்டு. இரண்டையும் ஆல்பம் என்றே சொல்கிறோம். யோகி பி – நட்சத்திராவின் 'வல்லவன்' (2006), ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' (2012) போன்றவைதான் உண்மையில் ஆல்பங்கள். பட்டையில் 'ஆல்பம்' என்று போட்டால் படிக்கிறவர் ஒரு வீடியோவை எதிர்பார்த்துத் தொடுவார், பத்துப் பாட்டு விரியும். அந்தச் சொல் கைமாறிவிட்டது, இனி அதை நம்ப முடியாது. கூடவே, சினிமாவைச் சாராத இசையை நாம் சொல்லும் 'இண்டி'க்கும் ஒரு சொல் தேவை.

செ.மு., கோயம்புத்தூர்

ம.ச. சொல்வது சரி. ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஆப்பிளின் கணக்குப்படி ஒன்று முதல் மூன்று பாட்டு, ஒவ்வொன்றும் 10 நிமிடத்துக்குள் என்றால் சிங்கிள். நான்கு முதல் ஆறு பாட்டு, மொத்தம் 30 நிமிடத்துக்குள் என்றால் இபி. ஏழு பாட்டோ அதற்கு மேலோ, அல்லது 30 நிமிடத்தைத் தாண்டினாலோ ஆல்பம். ஆகவே சிங்கிளுக்குள் மூன்று பாட்டு இருக்கலாம்: மூலப்பாட்டு, அதன் குரலில்லா வடிவம், ஒரு ரீமிக்ஸ். 'ஒற்றைப்பாடல்' என்று தமிழாக்கினால் முதல் வாரத்திலேயே பொய்யாகிவிடும்.

இன்னொன்று. ஒரே பாட்டானாலும் ஒலிப்பதிவுக்கு ஓர் ஐ.எஸ்.ஆர்.சி. எண் (பதிவை அடையாளம் காட்டும் உலகப் பொது எண்), அதன் காணொளிக்கு வேறோர் எண். பாட்டும் காணொளியும் பதிவேட்டில் இரண்டு பொருள்கள். அதனால் 'பாடல்' என்ற சொல்லைக் காணொளிப் பட்டையில் கலக்க வேண்டாம்.

கு.தி., திருநெல்வேலி

அன்புள்ள ம.ச. அம்மாவுக்கு,

புதிதாகச் சொல் படைக்க வேண்டியதே இல்லை. இந்த வகைப்பாடு தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலின் பொதுவணியியலில் முதலிலேயே இருக்கிறது. செய்யுள் நால்வகை: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. தனியே நின்று பொருள் முடிவது முத்தகம். பல பாட்டுகள் ஒரு வினையைக் கொண்டு முடிவது குளகம். பாட்டுகளைத் திரட்டி வைப்பது தொகைநிலை. ஒன்றோடொன்று தொடர்ந்து ஒரு கதையையோ பொருளையோ சொல்வது தொடர்நிலை.

சிங்கிள் முத்தகம், இபி குளகம், ஆல்பம் தொகை. முதற்பாட்டிலிருந்து கடைசிப்பாட்டு வரை ஒரே கதை ஓடும் ஆல்பங்களைத் தொடர்நிலை எனலாம். அதற்கு ஆங்கிலத்தில் 'கான்செப்ட் ஆல்பம்' என்று இரண்டு சொல் வேண்டியிருக்கிறது. தொகைநிலையையும் எப்படித் தொகுத்தார்கள் என்று உரை பிரித்துக் காட்டுகிறது. ஒருவர் பாடியதும் தொகையாகும், பலர் பாடியதும் தொகையாகும். பொருளால் தொகுத்தது புறநானூறு, இடத்தால் களவழி நாற்பது, காலத்தால் கார் நாற்பது, பாட்டால் கலித்தொகை, அளவால் குறுந்தொகை. பல கலைஞர்கள் சேர்ந்த ஆல்பம், ஒருவரே பாடிய ஆல்பம், மழைக்காலத்துக்கென்று வந்த ஆல்பம் எல்லாவற்றுக்கும் இதில் இடமுண்டு. இவ்வளவு நுட்பமான கருவியைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் புதிதாகச் சொல் தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வ.நே., யாழ்ப்பாணம்

வணக்கம் ஐயா. குளகம் என்று போட்டால் எங்கட பிள்ளைகள் குளம் என்று வாசிப்பினம்.

இங்கே சிடியை இறுவட்டு என்று சொல்லிப் பழகினோம். 'இறுவட்டு வெளியீடு' என்று அழைப்பிதழ் வந்தால் அது ஆல்பம் வெளியீடுதான், யாருக்கும் மயக்கமில்லை. இப்ப வட்டே இல்லை, எல்லாம் கைபேசிக்குள்ளே. பொருள் போன பிறகு அதன் பேரில் நின்ற சொல்லும் தள்ளாடுது. அதனால் ஊடகத்தின் பேரில் சொல் ஆக்க வேண்டாம் என்பது என் கருத்து. தொகுப்பு என்பது போதும்.

இண்டிக்குச் 'சுயாதீன இசை' என்பதே இங்கே வழக்கு. சுயாதீன தொலைக்காட்சி என்று அரச நிறுவனத்தின் பேரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

அ.ரா., தஞ்சாவூர்

சுயாதீனம் வடசொல். தமிழ்க் கலைச்சொல் கேட்டு வந்தவருக்கு அதைக் கொடுப்பது முறையன்று.

ஆல்பத்தின் வேரைப் பார்ப்போம். இலத்தீனில் ஆல்பஸ் என்றால் வெள்ளை. உரோமில் அரசு அறிவிப்புகளை எழுதிய வெள்ளை பூசிய பலகை ஆல்பம். பிறகு வெற்றுத்தாள் ஏடு, பிறகு படம் ஒட்டும் ஏடு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடந்தான் கொள்ளும் என்பதால், பல தட்டுகளை உறையிட்டு ஏடுபோலத் தைத்து விற்றார்கள். 1948-இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று நீள்தட்டைக் கொண்டுவந்த பிறகு அந்த ஏடு முழுதும் ஒரே தட்டில் அடங்கியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆக ஆல்பத்தின் உயிர் ஏடு. 'இசையேடு' என்பதே நேர்ச்சொல். ஏடு என்பது ஓலையும் ஆகும், பூவிதழும் ஆகும், பால்மேல் படியும் ஆடையும் ஆகும். படிந்து அடுக்கியது என்ற கருத்து எல்லாவற்றிலும் உண்டு. இசையை அடுக்கியது இசையேடு. நான்கே எழுத்து.

பொதுமக்களுக்குப் புரியாது என்பார்கள். பேருந்தும் மிதிவண்டியும் ஒருநாள் புரியாத சொற்கள்தாம். எழுதினால் புரியும்.

போகிற போக்கில்: ம.ச. 'காணொளி' என்கிறார், சிலர் 'காணொலி' என்று எழுதுகிறார்கள். இதையும் தீர்த்துவிட வேண்டும்.

செ.மு., கோயம்புத்தூர்

அ.ரா. ஐயா, இசையேடு என்றால் நான் பாட்டுப் புத்தகம் என்றுதான் நினைப்பேன். சுரம் எழுதிய நோட்டு என்றும் நினைப்பேன். தட்டு வியாபாரத்தின் வரலாறு நமக்குத் தெரிய வேண்டியதுதான், அதற்காக அதைப் பட்டையில் ஏற்ற வேண்டியதில்லை.

காணொளி பற்றி: அது வினைத்தொகை. காணும் ஒளி, கண்ட ஒளி என்று விரியும். காணொலி என்றால் காணும் ஒலி. ஒலியைக் காண முடியாது. காட்சியும் ஒலியும் என்று உம்மைத்தொகையாகக் கொள்ளலாமென்றால் 'காண்' பெயர்ச்சொல்லாக இருக்க வேண்டும், அது வினையடி.

அ.ரா., தஞ்சாவூர்

காணொளியில் ஒலிக்கு இடம் எங்கே? இசைக் காணொளியில் ஒலியே இல்லையென்றால் அது என்ன? இதனால்தான் சிலர் விழியம் என்றும், சிலர் நிகழ்படம் என்றும் போனார்கள்.

குழுமப் பொறுப்பாளர்

நண்பர்களே, காணொளி விவாதம் இந்தக் குழுமத்தில் முன்பே பலமுறை நடந்து முடியாமல் கிடக்கிறது. இந்த இழையில் வேண்டாம். முன்னாலேயே 'இசை' என்று இருப்பதால் இங்கே ஒலிக்குக் குறைவில்லை. வியாழக்கிழமையை நினைவில் வைத்து எழுதுங்கள்.

செ.மு., கோயம்புத்தூர்

முத்தகத்துக்கு வருகிறேன். கு.தி. ஐயாவின் சொல் அழகு. ஆனால் இன்றைக்கு ஆல்பம் வருகிற விதமே வேறு. முதலில் ஒரு பாட்டை விடுவார்கள், சில வாரம் கழித்து அடுத்தது, பிறகு ஒரு காணொளி. கடைசியில் அந்தப் பாட்டுகளோடு மேலும் நாலைந்தைச் சேர்த்து ஆல்பம். வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னதாக ஸ்பாட்டிஃபையில் பாட்டை முன்மொழிந்தால்தான் பின்தொடர்கிறவர்களின் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அது உறுதியாக இடம்பெறும். தனிக்கலைஞருக்கு இது பெரிய விஷயம். ஒரே நாளில் பத்துப் பாட்டைக் கொட்டினால் ஒன்றுதான் கண்ணில் படும், மாதம் ஒன்றாக விட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை கிடைக்கும். ஆகவே சிங்கிள் என்பது பெரும்பாலும் வரப்போகும் ஆல்பத்தின் ஒரு துண்டு. தனியே நின்று முடிவது முத்தகம் என்றால், இது முடியவில்லையே ஐயா?

கு.தி., திருநெல்வேலி

குறுந்தொகையின் ஒவ்வொரு பாட்டும் தனியே பாடப்பட்டதுதான். பாடிய புலவர்களுக்கு அது 401 பாட்டில் ஒன்றாகும் என்று தெரியாது. பின்னால் ஒருவர் நாலடி முதல் எட்டடி என்று அளவு வைத்துத் தொகுத்தார். தொகைக்குள் போனதால் அந்தப் பாட்டு தனியே நின்று முடிவது மாறிவிட்டதா? முத்தகம் தொகைக்குள் போகும், போனபின்னும் முத்தகமாகவே இருக்கும். செ.மு. சொல்லும் வெள்ளிக்கிழமை முறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு செய்தி, தளத்துக்காரருக்கே சொல்லலாம். பரிபாடலில் கிடைத்த முழுப்பாட்டு 22 மட்டுமே. அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் பாடிய புலவர் பெயரோடு, இசை வகுத்தவர் பெயரும் பண்ணும் இருக்கின்றன. பெட்டனாகனார், நன்னாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் எல்லாம் இசை வகுத்தவர்கள். பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்பவை பண்கள். ஏட்டைப் படியெடுத்தவர்கள் இசையமைத்தவர் பெயரை விடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் பாடலாசிரியர் பெயர் வருமா?

ம.ச., சென்னை

ஐயா, இப்போதைக்குக் கலைஞர் பெயர் மட்டும்தான் வருகிறது. பாடலாசிரியருக்கும் இசையமைத்தவருக்கும் இடம் வைக்கச் சொல்லி இன்றே எழுதுகிறேன். பாட்டு யாருடையது என்ற சண்டை இந்தத் துறையில் ஓயாமல் நடக்கிறது. பெயர் போடுவது மரியாதை மட்டுமில்லை, வருமானமும்கூட.

'இண்டி' பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வ.நே. அண்ணா சொன்ன சுயாதீனம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்களைச் சாராதது என்ற பொருளில் பிறந்தது. தமிழ்நாட்டில் சினிமாவைச் சாராதது என்ற பொருளில் நிற்கிறது. இண்டி என்று நாம் கொண்டாடும் பாட்டுகளில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் பணம் போட்டிருக்கிறது. அவற்றைச் சுயாதீனம் என்றால் கூடுதலாகச் சொன்னதாகும். 'தனியிசை' என்றால் சினிமாவிலிருந்து தனி என்று மட்டும் நிற்கும். ஏற்கெனவே பத்திரிகைகளிலும் புழங்குகிறது.

செ.மு., கோயம்புத்தூர்

தனியிசை என்றால் கச்சேரிக்காரர்கள், மிருதங்கக்காரர் தனியே வாசிக்கும் 'தனி' என்று நினைப்பார்கள். 2018-இல் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடை ஏறியபோது பறையும் கானாவும் ராப்பும் கிட்டாருமாக மேடை கொள்ளாத கூட்டம். அதைத் தனி என்று சொல்ல நா எழவில்லை. அந்த இசை சினிமாவை வைத்து அளக்கப்படக் கூடாது என்பதும் எனக்கு முக்கியம். சினிமா இல்லாதது என்று ஒரு மறுப்பைப் பெயராக வைத்தால், முதல் மரியாதை மறுபடியும் சினிமாவுக்கே போகிறது. ஆனால் மாற்று கேட்டால் கையில் இல்லை. போட்டுக்கொள்ளுங்கள்.

வ.நே., யாழ்ப்பாணம்

இலங்கைத் தமிழுக்கு இடைமுகத்தில் தனித்தெரிவு இருக்கிறதுதானே? அதில் சுயாதீன இசை என்றே வையுங்கோ, தங்கச்சி. இபிக்குக் குறுந்தொகுப்பு என்று போடலாம். குறும்படம், குறுஞ்செய்தி என்று கண் பழகிவிட்டது.

குழுமப் பொறுப்பாளர்

புதன் இரவு ஆகிவிட்டது. எழுதியவர்களில் பெரும்பாலோர் சாய்ந்த பக்கத்தைத் தொகுத்துத் தருகிறேன். சிங்கிளுக்குத் தனிப்பாடல், இபிக்குக் குறுந்தொகுப்பு, ஆல்பத்துக்கு இசைத்தொகுப்பு, இண்டிக்குத் தனியிசை, இலங்கை வடிவத்தில் சுயாதீன இசை. பட்டையில் எல்லாம் அடங்குகின்றன. சிங்கிளுக்குள் மூன்று பாட்டு வரும் சிக்கல் தீரவில்லை. தனிப்பாடல் என்றால் காளமேகமும் இரட்டைப்புலவரும் நினைவுக்கு வரும் என்று தனிமடலில் ஒருவர் எழுதினார். வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

அ.ரா., தஞ்சாவூர்

இசையேட்டை யாரும் மறுத்துக் காட்டவில்லை, ஒதுக்கிவிட்டீர்கள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.

கு.தி., திருநெல்வேலி

தனிப்பாடலை எதிர்க்கவில்லை. ஆனால் மூன்று பாட்டுள்ள சிங்கிளைத் தனிப்பாடல் என்று வியாழக்கிழமை போட்டால் வெள்ளிக்கிழமை யாராவது கேட்பார்கள். ஒரே பாட்டின் மூன்று வடிவமும் முத்தகமே, பொருள் ஒன்றுதான் என்று அவர்களுக்குச் சொல்ல முடியும். தனிப்பாடலை வைத்துக்கொண்டு என்ன சொல்வீர்கள்? அடுத்த பதிப்பில் மாற்ற வாய்ப்பு வந்தால் ம.ச. அம்மா எனக்கு ஒரு வரி எழுதவும். தொடர்நிலைக்கு இன்னும் யாரும் சொல் தரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளவும்.