குடிதண்ணீருக்கு ஊரணியா, கடல்நீர் ஆலையா? ராமநாதபுரம் கடலோரம் பற்றி ஒரு விவாதம்

கடலாடிக்காரன்:
சாயல்குடிக்குத் தெற்கே, அலைச் சத்தம் கேட்கிற ஊர் எங்களுடையது. வாசலில் குழாய் இருக்கிறது. போன மாதம் பதினோரு நாள் அதில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. திருச்சிப் பக்கம் காவிரியில் எடுக்கிற தண்ணீர் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் குழாயில் வந்துதான் எங்களைச் சேர வேண்டும். வழியில் எங்கே உடைந்தாலும் வாய் காய்வது கடைசியில் இருக்கிற எங்களுக்குத்தான். அத்தனை நாளும் குடம் பத்து ரூபாய்க்கு வண்டித் தண்ணீர் வாங்கினோம்.

இப்போது ஊரில் எல்லோரும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வேண்டும் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரணியைத் தூர்வாருங்கள், வரத்துக்காலை அடைத்த கருவேலத்தை வேரோடு எடுங்கள், கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடியுங்கள். 30 சதுர மீட்டர் கூரையில் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 24,000 லிட்டர். வீணாவது போக 19,000 நிற்கும். ஐந்து பேர் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 18,250தான். நம் தலைக்கு மேல் விழுகிறதை விட்டுவிட்டு ஏன் கடலைக் காய்ச்ச வேண்டும்?

பழைய பம்ப்ஹவுஸ்:
தம்பி, குடிநீர் வேலையிலேயே முப்பது வருஷம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கணக்கு மழை பெய்கிற வருஷத்துக்குச் சரி. 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 சதவீதம் குறைந்தது. அந்த வருஷம் உங்கள் தொட்டி பாதிகூட நிறைந்திருக்காது, ஊரணி பாளம் பாளமாக வெடித்திருக்கும். 2019-ல் சென்னை ஏரிகள் வற்றியபோது அங்கே மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இரண்டும் நாளுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர் எடுக்கக் கட்டியவை. கடல் வற்றுவதில்லை. உங்கள் நரிப்பையூரிலேயே 38 லட்சம் லிட்டர் ஆலையை 1990-களின் கடைசியில் கட்டினார்களே, அந்த நாளிலேயே தேவை தெரிந்ததால்தானே?

கடலாடிக்காரன்:
சார், கட்டுவது பெரிதில்லை, ஓட்டுவதுதான் பாடு. ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுகிற சவ்வு அடைத்தால் மாற்றப் பணம் வேண்டும். உப்புக்காற்றில் நட்டுகூட வருஷம் தாங்காது. நூறு லிட்டர் கடல்நீர் எடுத்தால் நாற்பதுதான் குடிநீர். மீதி அறுபது லிட்டர், முழு உப்பையும் சுமந்துகொண்டு திரும்பக் கடலுக்கே போகிறது. அது போய் விழப்போவது மன்னார் வளைகுடாவில், கடற்புல்லும் பவளப்பாறையும் இருக்கிற, எங்கள் ஆட்கள் நண்டு வலை விடுகிற தண்ணீரில்.

புயலையும் நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை! கரண்ட் போனால் ஆலையும் போச்சு, காவிரிக் குழாயும் போச்சு.

பழைய பம்ப்ஹவுஸ்:
புயலைச் சொன்னீர்கள், சுனாமியையும் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினம் கடற்கரையில் கிணறும் குளமும் ஒரே காலையில் உப்பாகிவிட்டன. கடல் ஒரு தடவை கரையேறினால் ஊரணி அந்த வருஷத்துக்கு உதவாது. அப்போது மக்களைக் காப்பாற்றியது வெளியிலிருந்து போன தண்ணீர்தான்.

பாம்பன் டீச்சர்:
ரெண்டு பேரும் தண்ணி எங்கேர்ந்து வரணும்னு மட்டுமே பேசுறீங்க. அதை எடுக்கப் போறது யாரு?

தனுஷ்கோடியில ஊத்துத் தண்ணி எடுக்குறதைப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். மணல்ல முழங்கை ஆழத்துக்குக் கையாலயே குழி தோண்டுறாங்க. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல அந்தக் குழியில நல்ல தண்ணி மெதுவா ஊறுது. ஒரு அக்கா சிரட்டையால மேலாப்புல மட்டும் அள்ளிக் குடத்துல ஊத்துனாங்க. அவசரப்பட்டு அடியில அள்ளினா உப்பு ஏறிடும்னாங்க. மழைத் தண்ணி லேசு, உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது, அவ்வளவுதான் சங்கதி. அது தெரியாம ஆழ்துளை போட்டு உறிஞ்சின இடத்துலயெல்லாம் கீழ இருந்த உப்பு மேல வந்திருச்சு. ஒரு குடம் நிறைய அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இந்த நேரத்தை யாரும் கணக்குல சேர்க்குறதில்லை.

உப்பு உடம்பையும் கெடுக்குது. வங்கதேசத்துல குல்னா கடலோரத்துல உப்புத் தண்ணி குடிக்கிற கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் கூடுறதை ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. நம்ம ஊர்ல யாராவது அளந்திருக்காங்களா?

கடலாடிக்காரன் அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க ஊரணிப் படியில எல்லாரும் இறங்கலாமா? குழாய் எவ்வளவு மோசமா இருந்தாலும் அவங்கவங்க வாசல்ல இருக்கு. யாரும் ‘தள்ளி நில்லு’ன்னு சொல்ல முடியாது.

கடலாடிக்காரன்:
தங்கச்சி, இதற்குப் பதில் எழுத ஒரு நாள் ஆகிவிட்டது. இல்லை. எல்லோரும் இறங்க முடியாது. கிழக்குத் தெரு ஆட்கள் இன்றைக்கும் எங்கள் படிக்கு வருவதில்லை. யாரும் வாய்விட்டுத் தடுப்பதில்லை, ஆனாலும் வருவதில்லை. அவர்கள் அந்தப் பதினோரு நாளும் மூன்று கிலோமீட்டர் தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தள்ளினார்கள். நான் ஊரணி ஊரணி என்று பேசும்போது அதை யோசிக்கவே இல்லை. என் தப்புதான்.

அதனால் இப்படி மாற்றிக்கொள்கிறேன். ஊரணிக்குள் யாரும் கால் வைக்க வேண்டாம். கரையில் மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டி கட்டி, குளோரின் கலந்து, இரண்டு தெருவுக்கும் ஒரே நேரத்தில் குழாயில் விட வேண்டும். சோலார் மோட்டார் போதும். மார்ச் 22 கிராம சபையில் தீர்மானமாக வைக்கப் போகிறேன்.

பாம்பன் டீச்சர்:
கிழக்குத் தெருப் பொம்பளைங்ககிட்ட முதல்ல கேட்டுட்டு எழுதுங்க அண்ணே. குழாய் எந்த இடத்துல, எத்தனை மணிக்குத் திறக்கணும்ங்கறதை அவங்க சொல்லட்டும்.

பழைய பம்ப்ஹவுஸ்:
வடிகட்டித் தொட்டிக்கு வரைபடம் நான் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். ஊரணிக்கும் கடலுக்கும் உள்ள தூரம், கரையின் உயரம், மே மாதத்தில் தண்ணீரின் உப்பளவு மூன்றும் வேண்டும். உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. 2,000 தாண்டினால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். ஆனால் தீர்மானத்தில் ‘கடல்நீர் ஆலை தேவையில்லை’ என்று ஒரு வரி வரும் போலிருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். இரண்டு வருஷம் மழை பொய்த்தால் அந்த ஒரு வரியே உங்களுக்கு எதிராக நிற்கும்.

கடலாடிக்காரன்:
தூரமும் உயரமும் ஞாயிற்றுக்கிழமை அளந்து அனுப்புகிறேன் சார். கிழக்குத் தெருவில் நாளைக்குப் போய்க் கேட்கிறேன். அந்த வரியை மட்டும் எடுக்க மாட்டேன்.