மாங்காய் போட்ட பாரசீகக் கம்பளம்: கடைக்காரர் சொல்லும் தீச்சுடர் கதை உண்மையா?

தோஹாவாசி:
இங்கே ஒரு கடையில் பழைய கம்பளம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சிவப்புத் தரை முழுக்கக் கட்டைவிரல் அளவு மாங்காய்கள். ஒரு வரிசையில் நுனி இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். "இது ஜொராஸ்டிரியர்களின் (தீயைப் புனிதமாகக் கருதும் பழைய பாரசீக மதத்தவர்) புனிதத் தீ, அதனால் 150 வருஷத்துக்கு மேல் பழசு" என்று சொல்லி, விலையையும் அதற்கேற்ப ஏற்றுகிறார். நம்பலாமா?

மல்லிகை62:
தீ இல்லை, சைப்ரஸ் மரம் என்று படித்த ஞாபகம். காற்றில் நுனி சாய்ந்த மரம், சாகாத வாழ்வுக்கு அடையாளமாம்.

ஊசிநூல்:
தீ, சைப்ரஸ், பாதாம், பைன் காய், எல்லாம் கேட்டாயிற்று. ஷார்ஜாவில் கம்பளம் பழுது பார்க்கும் பட்டறையில் இருந்தபோது, ஒரே கம்பளத்தைக் காலையில் வந்தவரிடம் தீ என்றும் மாலையில் வந்தவரிடம் மரம் என்றும் சொல்லி விலை பேசினார்கள்.

நீங்கள் சொல்வது சராபந்த் போலிருக்கிறது, மேற்கு ஈரானில் அராக் பக்கத்துக் கிராமங்களின் நெசவு. அந்தச் சின்ன மாங்காய்க்கு மீர் போத்தே என்று பெயர்.

எனக்கு அதில் பூச்செடிதான் தெரிகிறது. இதே மாங்காய் வரும் காஷ்மீர் சால்வைகளைக் காலவரிசைப்படி பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லியான ஒற்றைப் பூச்செடி. 18இல் பூக்கள் நெருங்கி, நுனி சாய்கிறது. 19இல் செடி மறைந்து வளைவுதான் மிஞ்சுகிறது. ஈரானில் கெர்மானிலும் சால்வை நெய்தார்கள். அந்தத் தொழில் படுத்ததும் நெசவாளர்கள் பலர் கம்பளத்துக்கு மாறினார்கள், சால்வை வடிவங்களும் கூடவே வந்தன.

அர்த்தத்தில் சந்தேகமே வராத கம்பளம் என்றால் தோட்டக் கம்பளம். நடுவே வாய்க்கால், தண்ணீரில் மீன், கரையில் மரம், பாத்தி பாத்தியாகப் பூ. அதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வயது. மீர் போத்தே பழசிலும் உண்டு, புதிதிலும் உண்டு. அதை வைத்து வயது சொல்ல முடியாது. இழைகளை விரித்து முடிச்சின் அடியைப் பாருங்கள். அடியில் பளிச்சென்று கத்தரிப்பூ நிறம், நுனியில் சாம்பல் என்றால் பெரும்பாலும் ஆரம்பகாலச் செயற்கைச் சாயம். முதல் செயற்கைச் சாயமே 1856இல்தான் வந்தது, ஈரானுக்குப் போனது அதற்கும் பிறகு. ஆக, அந்தச் சாம்பல் இருந்தால் 150 வருஷக் கணக்கு சந்தேகம்தான்.

தோஹாவாசி:
பார்த்தேன் அண்ணா. கம்பளத்தின் ஓரக் கரையில் இருக்கும் பூக்களில் நீங்கள் சொன்ன அதே சாம்பல். வாங்கலாமா?

ஊசிநூல்:
கண்ணுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், தீக்குக் கேட்கும் காசைக் கழித்துவிட்டு. பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், ஓரம் நைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம்.