பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு போட்டு மூணு மாசம்: எஃபிஷியன்சி ஏறுது, ஷிப்மென்ட் லேட் ஆகுது. எங்கே தப்பு?

ஓவர்லாக்:
வணக்கங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் யூனிட்ல ஐ.இ.யா (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்) இருக்கேன். ஆறு தையல் லைன். எங்க எம்.டி. ஒரு செமினார் போயிட்டு வந்து "நாமளும் ஸ்கோர்கார்டு போடணும்"னார். பணம், வாடிக்கையாளர், உள்வேலை, கத்துக்கிறதுன்னு நாலு பக்கமா பிரிச்சு, வேலை எப்படிப் போகுதுன்னு பார்க்க 43 அளவு வெச்சேன். லைன் எஃபிஷியன்சி 48 சதவீதத்துல இருந்து 57 ஆயிருக்கு. ஆனா போன மாசம் கப்பல்ல போக வேண்டிய ரெண்டு ஆர்டர் ஏர்ல போச்சு, செலவு எங்க தலையில. சூப்பர்வைசருங்க சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்து எக்செல்ல குத்துமதிப்பா நிரப்புறாங்க. சாஃப்ட்வேர் வாங்கினா சரியாகுமா?

பழைய_க்யூசி:
சாஃப்ட்வேர் அப்புறம். பீஸ் எண்ணுறது லைன் கடைசியிலயா, செக்கிங் தாண்டியா? ஆல்டர் பீஸ், அதாவது தப்பா தைச்சு திருத்த அனுப்பினது, திரும்பி வந்தா மறுபடி எண்ணுறீங்களா?

ஓவர்லாக்:
லைன் கடைசியிலதாங்க, போர்டுல எழுதறது. ஆல்டர் விஷயம் நாளைக்கு நின்னு பார்த்துட்டு சொல்றேன்.

ஓவர்லாக் (மறுநாள்):
பார்த்தேங்க. வெட்கமா இருக்கு. மூணாவது லைன்ல காலையில செக்கிங் 90 பீஸை ஆல்டருக்குத் தள்ளுச்சு. மதியம் அதே 90 போர்டுல புதுசா ஏறிடுச்சு.

பழைய_க்யூசி:
அப்ப தப்பா தைக்கத் தைக்க எஃபிஷியன்சி ஏறும். பீஸை எஸ்.ஏ.எம். நிமிஷத்தால (ஒரு பீஸ் தைக்க இவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டு வெச்ச நேரம்) பெருக்கி, ஆளுங்க நின்ன நிமிஷத்தால வகுக்கிறீங்க. மேல இருக்கிற பீஸ் கணக்கே ரெட்டிப்புன்னா மிச்சம் என்ன? செக்கிங்ல முதல் தடவையே பாஸ் ஆனதை மட்டும் எண்ணுங்க. நம்பர் சடார்னு விழும். எம்.டி.கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுக்கோங்க, இல்லைன்னா உங்க தலைதான் உருளும்.

கணக்குப்பிள்ளை:
எண்ணுற முறை சரியானாலும் பிரச்சினை பாதிதான் தீரும் தம்பி. உங்க எம்.டி. எதைச் சொல்லி ஆர்டர் பிடிக்கிறார்?

ஓவர்லாக்:
சின்ன ஆர்டர், சீக்கிரம் டெலிவரி. ஒரு ஸ்டைல் 800, 1,000 பீஸ்கூட எடுப்போம்.

கணக்குப்பிள்ளை:
அதாங்க விஷயம். ஸ்டைல் அடிக்கடி மாறினா எஃபிஷியன்சி விழத்தான் செய்யும். அதையே பெரிய நம்பரா வெச்சு இன்சென்டிவும் கட்டினா, சூப்பர்வைசர் ஓடுற ஸ்டைலையே ஓட்டுவார், அவசர ஆர்டர் ஓரமா கிடக்கும். அவர் மேல தப்பில்லை, நீங்க கேட்டதைத்தான் கொடுக்கிறார்.

1992-ல காப்லானும் நார்ட்டனும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூல இந்த பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டைப் பத்தி எழுதினப்பவே அளவுகளைக் குறைச்சு வைக்கத்தான் சொன்னாங்க. 43-ன்னா அது ஸ்டாக் லிஸ்ட். அதுக்கும் முன்னாடி, 1987-ல அனலாக் டிவைசஸ்ங்கிற அமெரிக்க சிப் கம்பெனி போட்ட கார்டுலயே, பணக்கணக்குக்குப் பக்கத்துல சொன்ன தேதிக்கு டெலிவரி இருந்துச்சு. உங்ககிட்ட இருக்கா?

ஓவர்லாக்:
இருக்குங்க, 31-ஆவது வரி. ஆனா ஷிப்மென்ட் போன பிறகுதான் அது தெரியும்.

கணக்குப்பிள்ளை:
அப்ப அதுக்கு முன்னாடி தெரியறதைப் பிடிங்க. டையிங்ல இருந்து துணி எந்தத் தேதி வரணும், எப்ப வந்துச்சு? பி.பி. சாம்பிள் (மொத்தமா தைக்கிறதுக்கு முன்னாடி காட்டற மாதிரி பீஸ்) எப்ப அப்ரூவ் ஆச்சு? கட்டிங் எப்ப ஆரம்பிச்சுது? என் அனுபவத்துல லேட்டு லைன்ல பிறக்கிறதே குறைவு. ஆறேழு அளவு போதும். இன்சென்டிவை எஃபிஷியன்சில இருந்து கழட்டிடுங்க.

நூல்கண்டு:
கழட்டுன்னு சொல்றது சுலபம் சார். எங்க யூனிட்ல கழட்டினோம், அடுத்த வாரமே நல்ல சூப்பர்வைசர் ரெண்டு பேர் பக்கத்து யூனிட்டுக்குப் போயிட்டாங்க. இந்த ஊர்ல 'ஆள் தேவை'ன்னு போர்டு மாட்டாத கம்பெனியே கிடையாது. கழட்டாதீங்க, தேதிக்கு முடிச்ச ஆர்டர் மேல மாத்திக் கட்டுங்க.

கணக்குப்பிள்ளை:
ஒத்துக்கிறேன். ஆனா துணி லேட்டா வந்த ஆர்டரை அவர் கணக்குல சேர்க்கக் கூடாது.

ஓவர்லாக் (மூணு வாரம் கழிச்சு):
ஏழு அளவுக்குக் கொண்டு வந்துட்டேன். அதுல ரெண்டு சூப்பர்வைசருங்களே சொன்னது; அந்த ரெண்டை மட்டும் மணிக்கு மணி நிரப்புறாங்க. எஃபிஷியன்சி 44-ல நிக்குது. எம்.டி. முகம் சரியில்லை, பழைய 57 எங்கேன்னு கேட்கிறார். அவருக்கு இதை எப்படிங்க காட்டறது?

நூல்கண்டு:
போன மாச ஏர் பில்லை எடுத்துட்டுப் போங்க.