பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும், வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளி வாசலை ஒட்டியே, அரசுக் கணக்கில் 'இதர மாவட்டச் சாலை' எனப்படும் சாலை போகிறது. புதுத் தார் போட்டதிலிருந்து டிப்பர்கள் பறக்கின்றன. போன வாரம் ஒரு பையன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பைக்கில் வந்து, பால் வாங்கப் போன அப்பாவின் சைக்கிளைத் தட்டிவிட்டான். தூக்குச்சட்டி நசுங்கியது, முழங்கை சிராய்த்தது, நல்லவேளை அவ்வளவுதான். அவனுக்குப் பதினாறுகூட இருக்காது. சிறுவர் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை என்கிறது 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். அவன் அப்பாவோ "சின்னப் பையன், விடுங்க" என்கிறார்.

ஊராட்சியில் கேட்டால் சாலை நெடுஞ்சாலைத்துறையுடையதாம். சரி, அங்கே யாரிடம் மனு கொடுப்பது? உதவிக் கோட்டப் பொறியாளரிடமா, நேராகத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலா? கிராம சபைத் தீர்மானத்தை இணைத்தால் மதிப்பு உண்டா?

இளவட்டங்கள் ராத்திரியோடு ராத்திரியாக மண்ணைக் கொட்டி மேடு போடலாம் என்கிறார்கள். எனக்குப் பயம். முறையான வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். கோடும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். இருட்டில் மண்மேட்டில் ஏறினால் எக்ஸ்எல்லில் பின்னால் உட்கார்ந்து வரும் பெண்கள்தான் முதலில் விழுவார்கள்.

உங்கள் ஊரில் மனு கொடுத்து வேகத்தடை வாங்கியிருந்தால், அந்த மனுவின் நகலைக் கொஞ்சம் இங்கே போடுங்கள்.