சோறு நெஞ்சில நிக்குது: காஸ்ட்ரிக்கா, வேற ஏதாவதா?

தோட்டத்துப்பையன் (சுங்கை சிப்புட்):
மாமாவுக்கு 61 வயசு. ரெண்டு மாசமா சோறு, ரொட்டி சானாய் இறங்க மாட்டேங்குது, கஞ்சி போகுது. காஸ்ட்ரிக் (வயித்து அமிலத் தொந்தரவு) மாத்திரை போட்டுக்கிறார். வெத்தலை புகையிலை, சம்சு (மலிவு சாராயம்) ரெண்டும் உண்டு. பொறுத்துப் பார்க்கலாமா?

கிளினிக் அக்கா:
வேணாம் தம்பி. முதல்ல கெட்டி உணவு, அப்புறம் கஞ்சி, கடைசியில தண்ணின்னு சிக்கினா உணவுக்குழாய் சுருங்கிக்கிட்டே வருதுன்னு அர்த்தம். புற்றாவும் இருக்கலாம். அந்தக் குழாய் நல்லா விரிஞ்சு கொடுக்கும். அதான் சிக்கல் தெரியுறப்போ கட்டி பெருசாகியிருக்கும். மாத்திரை எரிச்சலைத் தணிக்கும், அடைப்பைத் திறக்காது. கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசு கிளினிக்) "காஸ்ட்ரிக்"னு சொல்லாதீங்க. "சோறு சிக்குது", எடை குறைஞ்சிருந்தா அதையும் சொல்லி, எண்டோஸ்கோப்பிக்கு (வாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பார்க்கிறது) கடிதம் கேளுங்க.

ராமு_ஈப்போ:
அக்கா சொன்னது சரி. எண்டோஸ்கோப்பியில சதைத் துணுக்கு சிலது எடுப்பாங்க. அதுதான் முடிவு சொல்லும். பரவியிருக்கான்னு சிடி ஸ்கேன் அதுக்கப்புறம். வழக்கமா 6 மணி நேரம் வெறும் வயிறு. ஆனா அடைப்பு இருந்தா பழைய சாப்பாடு மேலேயே தேங்கி நுரையீரலுக்குள்ள போயிடலாம், அதனால சிக்குதுன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. வார்ஃபரின் (ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை) சாப்பிட்டா அதையும் சொல்லணும்; நீங்களா நிறுத்தாதீங்க.

புகையிலை, பாக்கு, சாராயம் பெரும்பாலும் செதிள் செல் வகைப் புற்றை (குழாயோட உள்தோல்ல வர்றது) கொண்டுவரும். புகையிலையும் சாராயமும் சேர்ந்தா ஆபத்து பெருகும். ரொம்ப நாள் நெஞ்செரிச்சல்ன்னா குழாயோட அடிப்பக்கம் வர்ற சுரப்பி வகைப் புற்று.

கிளினிக் அக்கா:
அதுவரைக்கும் கஞ்சி, மசிச்ச பருப்பு, முட்டை, மைலோ, கொஞ்சம் கொஞ்சமா, நிமிர்ந்து உட்கார்ந்து. தே தாரிக்கை (பால் டீ) ஆறவிட்டுக் குடிக்கட்டும். எச்சிலே இறங்கலைன்னா, ரத்த வாந்தி, கறுப்பு மலம்னா கடிதம் வேணாம், நேரா எமர்ஜென்சி.