புதுப்பிப்பு: ஆண்டனி தெனாரியஸ், எந்தப் படையணி?

ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனியின் கப்பல் போட்ட தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) படத்தைக் காட்டி, கழுகுச் சின்னத்தருகே இருக்கும் படையணி எண் ஐந்தா (V) ஆறா (VI) என்று முன்பு கேட்டிருந்தேன். ஆறுதான். விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் கடைசிக் கோட்டின் தடம் தெரிந்தது. விளிம்பில் செம்பு எட்டிப் பார்க்கவில்லை. அதனால் செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசிய போலியாகத் தெரியவில்லை.

"இவ்வளவு தேய்மானமா?" என்று சிலர் சந்தேகப்பட்டீர்கள். இந்த வகைக்கு அது இயல்பே. ஆண்டனி ஆக்டேவியனோடு மோதிய ஆக்டியம் போருக்கு முன், கி.மு. 32–31இல் படைச் சம்பளத்துக்காக அடித்தது; வெள்ளி கொஞ்சம் மட்டம். நல்ல காசைப் பதுக்கிவிட்டு இதைத்தான் செலவழித்தார்கள். பின்னாளில் பேரரசர் டிராஜன் பழைய காசுகளை உருக்கியபோதும் இவை தப்பி, நூறாண்டுக்கு மேல் புழங்கின.

இன்னொன்று: பிற்காலத்தில் கூட்டாக ஆண்ட பேரரசர்கள் மார்கஸ் ஆரேலியஸும் லூசியஸ் வேரஸும் மறுபடி அடித்தது இதே ஆறாம் படையணிக் காசைத்தான். அதையும் பக்கத்தில் வைக்க ஆசை. விலையைப் பார்த்தால் ஆசையோடு சரி.