மறு: பெற்றோல் தாங்கிக்குள் பூசும் 'லைனர்' – உட்பூச்சா, உள்ளுறையா, அகணியா?

அன்பின் நண்பர்களுக்கு,

பெற்றோல் தாங்கிக்குள் பூசும் 'லைனர்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டு எழுதினேன், ஏழு சொல் வந்திருக்கிறது. பத்து நாளாகப் பதில் போடாமல் இருந்தது சோம்பலால் அல்ல. ஒவ்வொரு சொல்லையும் மாங்குளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோய்ச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கராஜ் அண்ணை முப்பது வருடத்துக்கு மேலாக மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் பெற்றோல் மருந்துக்கும் கிடையாது. சின்னப் போத்தலில் இருந்து நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட தலைமுறை அது. எரிபொருள் மாறினால் வண்டிக்குள் எதெது கெடும் என்று அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்தம் பழகும் பொடியளுக்கு ஒரு கைநூல் எழுதுகிறேன். பெற்றோல் தாங்கி அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். (தாங்கி என்பதிலேயே ஒரு நண்பர் ஐயம் கேட்டிருந்தார். இங்கே தண்ணீருக்கும் தாங்கிதான், பெற்றோலுக்கும் தாங்கிதான். பொடியன் ஒருவன் ஆங்கிலப் பக்கத்தைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தான், 'எரிபொருள் குளம்' என்று வந்தது. எங்கள் இரணைமடுக் குளம் முழுக்கப் பெற்றோல் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.)

சரி, லைனர் என்றால் என்ன? தாங்கிக்குள் கறள் (துரு) பிடித்து ஊசித் துளைகள் விழுந்துவிட்டால், நட்டுகளையும் சங்கிலித் துண்டையும் உள்ளே போட்டுக் குலுக்கிக் கறளை உதிர்த்து, அமிலத்தால் கழுவி, நன்றாக உலர்த்தி, இரண்டு பகுதியாக வரும் எபொக்சி என்ற பிசினைக் கலந்து ஊற்றுவார்கள். பிறகு தாங்கியை எல்லாப் பக்கமும் உருட்டி மிச்சத்தை வடித்துவிட்டால் உள்ளே ஒரு கெட்டியான படலம் பிடித்துக்கொள்ளும். பெற்றோலில் எதனோல் என்ற மதுசாரத்தைக் கலக்கும் நாடுகளில், பழைய வண்டிகளில் வம்பு பண்ணுகிற பொருட்களில் இதுவும் ஒன்று.

கிளிநொச்சிப் பொடியளுக்கு எதனோல் பாடம் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் என் சின்னண்ணன்.

அவர் இங்கே வைத்திருந்த எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை 2009 இல், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகலில் விட்டுவிட்டு நடந்தவர். அந்த ஏக்கத்திலோ என்னவோ, லண்டனுக்குப் போன பிறகு ஒரு பழைய ஹொண்டாவை வாங்கி, தாங்கிக்கு லைனர் அடிப்பித்து வைத்திருந்தார். 2021 செப்டெம்பரில் பிரித்தானியாவில் சாதாரண பெற்றோலில் இருந்த எதனோல் 5 வீதத்தில் இருந்து 10 வீதம் வரை கூடியது. உயர்தரப் பெற்றோலில் பழைய 5 வீதத்தையே வைத்திருந்தார்கள், பழைய வண்டிகளுக்கு அதை அடிக்கும்படியும் சொன்னார்கள். அண்ணன் காசைப் பார்த்தார். குளிர்காலம் முழுக்க அரைத் தாங்கிப் பெற்றோலோடு வண்டியைக் கொட்டிலில் மூடிவைத்துவிட்டு, வசந்தத்தில் எடுத்து ஓடினால் இரண்டாவது மைலில் நின்றுவிட்டது. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரைக் கழற்றினால் அடியில் தேன் மாதிரி ஒரு பசை, அதில் ஒட்டிக்கொண்டு மீன் செதில் மாதிரித் துண்டுகள்.

வீடியோவில் கூப்பிட்டார். வளைத்த கம்பியைத் தாங்கிக்குள் விட்டு, அடியில் இருந்து எதையோ இழுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். பாலாடை அளவு தடிப்பு, உள்ளங்கை அளவு அகலம். ஒரு பக்கம் கண்ணாடி போலப் பளபளப்பு. திருப்பிக் காட்டினார்: மறுபக்கம் முழுக்க மண்ணிறக் கறள். பூசியவர் கறளைச் சுத்தமாக எடுக்காமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இரும்பைப் பிடித்திருக்க வேண்டியது கறளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. எதனோலுக்கு ஒரு சின்ன வழி போதும், அடியால் புகுந்துவிடும்.

அந்த வீடியோவைக் கராஜ் அண்ணைக்குக் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தோல் உரிஞ்சு போச்சு தம்பி" என்றார்.

இனி உங்கள் சொற்களுக்கு வருகிறேன்.

'உட்பூச்சு' பிழையில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் இதே வேலைதான், புளி பித்தளையைத் தொடாமல் நடுவில் ஒன்றை நிறுத்துவது. ஆனால் நாகமுலாமும் (துத்தநாகப் பூச்சு) உட்பூச்சு, கறளுக்கு அடிக்கும் அடிப்பெயின்றும் உட்பூச்சு. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்றால் கைநூலில் எதைச் சொல்கிறேன் என்று தெரியாது. 'உள்ளுறை' என்றால் கழற்றி மாட்டுகிற ஒன்று, தலையணைக்குப் போடுவது போல. 'அகப்படலம்' சுத்தமான சொல், எழுதலாம், ஆனால் கராஜில் யார் வாயிலும் நிற்காது. 'உட்படை' தந்தவர் கோபிக்கக் கூடாது. ஓசோன் படை என்று நாங்களும் படிக்கிறோம்தான், ஆனாலும் வன்னியில் ஒரு கைநூலைத் திறந்ததும் 'உட்படை சேதம்', 'படை விலகல்' என்று தலைப்பு இருந்தால் வாசிக்கிறவன் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு மூடிவிடுவான். மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறேன், தந்தவர்களே பிறகு திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

'அகணி' எனக்குப் பிடித்த சொல். பனை மட்டையின் புறணிக்கு, அதாவது வெளித்தோலுக்கு, உள்ளே இருப்பது அகணி, பொருள் கச்சிதம். பனை நிற்கிற ஊரில் இது எடுபடும் என்று நம்பித்தான் போனேன். வகுப்பில் இருபத்திரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் மட்டையில் உரிப்பதை 'நார்' என்றுதான் சொல்கிறோம்.

எனக்கு ஒரு எண்ணம் உண்டு, சரியா என்று நீங்கள் சொல்லுங்கள். கலைச்சொல்லைத் தனியாகப் பார்த்து அழகு தீர்மானிக்கிறோம். கைநூல் எழுதும்போது எனக்குப் பெயர்ச்சொல்லை விட வினைச்சொற்கள்தான் கூடத் தேவைப்படுகின்றன. லைனர் என்ன செய்யும்? எதனோலை உள்வாங்கி இளகும், தடிக்கும், ஓரம் கிளம்பும், துண்டு துண்டாக விழும், சில வகை கரைந்து பசையாகும். 'தோல்' என்று சொன்ன உடனே இதெல்லாம் தானாக வந்து உட்காருகிறது. தோல் ஊறும், தோல் தடிக்கும், உரியும், பொருக்கு விடும். 'படலம்' என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் நான் புது வினை தேட வேண்டும்.

ஊறுவதைப் பொடியளுக்குக் காட்ட ஒரு சோதனை செய்தேன். மூன்று ஜாம் போத்தல். காய்ந்து கெட்டியான சாதாரண எபொக்சித் துண்டு ஒவ்வொன்றிலும் ஒன்று. முதலாவதில் வெறும் பெற்றோல். இரண்டாவதில் ஒன்பது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எதனோல். மூன்றாவதிலும் அதே கலவை, கூடவே கொஞ்சம் தண்ணீர். வேப்பமரத்தடியில், நெருப்பு அண்டாத இடத்தில் மூன்று கிழமை. முதலாவது துண்டு போட்ட மாதிரியே இருந்தது. இரண்டாவதில் நகத்தால் அழுத்தினால் கோடு விழுந்தது. மூன்றாவது துண்டு அடியில் கிடந்தது, ஓரம் சுருண்டு, ரப்பர் மாதிரி வளைந்தது. "சேர், இது கடலை மாதிரி ஊறிப்போச்சு" என்றான் ஒருவன். நான் 'வீங்கல்' என்று எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கே அழித்துவிட்டு 'ஊறல்' என்று எழுதினேன்.

மூன்றாவது போத்தல்தான் முக்கியம். எதனோல் தண்ணீரை இழுக்கும். 10 வீத எதனோல் கலந்த பெற்றோல், 15 பாகை செல்சியஸ் அளவில், ஏறத்தாழ அரை வீதத் தண்ணீரைத்தான் தன்னோடு வைத்திருக்கும். பத்து லீற்றர் தாங்கிக்கு 50 மில்லிலீற்றர், அரைத் தேத்தண்ணிக் கோப்பை. அதைத் தாண்டினால், அல்லது குளிர் கூடினால், முதலில் கலங்கும், பிறகு தண்ணீரும் எதனோலில் பெரும்பகுதியும் சேர்ந்து அடிக்குப் போய்விடும். அப்போது தாங்கியின் அடித்தோல் தொட்டுக்கொண்டிருப்பது 10 வீத எதனோலை அல்ல, அதைவிடப் பல மடங்கு செறிந்த ஒன்றை. குழாய் வாயும் அங்கேதான் இருக்கிறது. அண்ணனின் தாங்கியில் அடிப்பக்கம் உரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பிரிதலுக்கு எங்கள் பாடநூல் வழியில் 'அவத்தை பிரிதல்' என்று சொல்லலாம். தமிழ்நாட்டு நண்பர்களின் காதில் இது 'அவஸ்தை' என்று விழும். தாங்கிக்கு அது அவஸ்தைதான், ஆகவே நான் மாற்றப் போவதில்லை.

'எதனோல் கலந்த பெற்றோல்' என்பதற்குத் தனிச்சொல் தேவையில்லை, அப்படியே இருக்கட்டும். கராஜ் அண்ணை அதற்கும் ஒன்று வைத்திருக்கிறார்: 'கசிப்புப் பெற்றோல்' (கசிப்பு என்றால் கள்ளச் சாராயம்). அச்சில் போட முடியாது.

ஆக, என் முன்மொழிவு 'உள்தோல்'. இலக்கணம் தெரிந்தவர்கள் அடிக்க வரலாம்.

கிளிநொச்சியிலிருந்து

*

வணக்கம்.

அகணி தந்தவன் நான்தான். இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியாது என்று படித்ததும் கொஞ்சம் வருத்தம், ஆனால் அதற்காகச் சண்டை போட மாட்டேன். இங்கே தமிழ்நாட்டிலும் பையன்களிடம் கேட்டால் இதே பதில்தான் வரும்.

எங்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. இந்தியாவில் 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்க ஆரம்பித்தார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ரப்பர் குழாய், வாஷர் என்று புலம்புகிறார்கள். டேங்க் உள்ளே பூசுவதை மெக்கானிக்குகள் 'கோட்டிங்' என்றே சொல்கிறார்கள்.

உங்கள் வினைச்சொல் வாதம் எனக்குப் பிடித்தது. ஆனால் ஒரு சிக்கல். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் 'உள்தோல்' என்று சொல்லிப் பாருங்கள், செருப்புக்கு உள்ளே வைத்துத் தைக்கும் தோல் என்றுதான் நினைப்பார்கள். அப்புறம், உள் + தோல் என்பது 'உட்டோல்' என்று ஆக வேண்டும். 'அகத்தோல்' என்று தப்பித்துப் போகலாமா?

நீங்கள் பாலாடை என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்கு 'உள்ளாடை' என்று ஒன்று தோன்றியது. அனுப்புவதற்கு முன்பே அழித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

அன்பின் நண்பருக்கு,

'அகத்தோல்' எங்கள் தாவரவியலில் வேருக்குள் இருக்கிற ஒரு கலப்படைக்கு, அதாவது உயிரணு அடுக்குக்கு, போய்விட்டது. உயர்தர உயிரியல் படித்த பிள்ளை தாங்கிக்குள் வேரைத் தேடும்.

செருப்புத் தோல் பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் பெரிய இடைஞ்சல் இல்லை. வாழைப்பழத் தோல் என்றால் யாரும் செருப்பை நினைப்பதில்லையே. 'தாங்கி உள்தோல்' என்று முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, பிறகு 'உள்தோல்' என்று மட்டும் எழுதுகிறேன்.

புணர்ச்சிக்குத்தான் எனக்குப் பதில் இல்லை. 'மேற்றோல்' என்று பாடநூலில் படித்த ஆள் நான், 'உட்டோல்' எழுதக் கூச்சப்படக் கூடாது. எழுதியும் பார்த்தேன். அச்சுப்படியைக் கராஜில் வைத்துவிட்டு வந்தேன், அடுத்த நாள் அண்ணை அந்த வரியில் கிறீஸ் விரலை வைத்து, "உட்டோல்... இதென்ன தம்பி, பனடோல் மாதிரிக் குளிசையோ? தாங்கிக்குள்ள போடுறதோ?" என்று கேட்டார். குலுக்கிவிட்டுப் போடுவதா, குலுக்காமல் போடுவதா என்று பக்கத்தில் நின்ற பொடியனும் சேர்ந்துகொண்டான். 'உள்தோல்' என்று பிரித்தே எழுதிவிட்டேன். இலக்கணப் பிழை என் கணக்கில் இருக்கட்டும்.

லண்டன் தாங்கிக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. மிச்சத் தோல் முழுவதையும் கரைப்பான் ஊற்றி இளக்கி எடுத்துவிட்டாராம். இந்தத் தடவை கறளை இரும்பு தெரியும் வரைக்கும் எடுத்த பிறகுதான் பூசுவது, அதுவும் எதனோலைத் தாங்கும் வகையை என்று சொல்கிறார். குளிர்காலத்துக்கு முன் தாங்கியை வடித்துவிடும்படி நான் சொன்னேன், 'பார்ப்பம்' என்றார். அந்தப் 'பார்ப்பம்' எனக்குத் தெரியும்.

கைநூலின் அடுத்த அத்தியாயம் காபரேற்றர். 'ஜெற்' என்பதற்கு யாராவது தொடங்கி வையுங்கள். பௌதிகத்தில் இருக்கிற 'தாரை' மட்டும் வேண்டாம். தாரை என்றால் பாய்கிற திரவம். காபரேற்றரில் ஜெற் என்று நாங்கள் கழற்றி ஊதுவது அளவு பார்த்துத் துளைத்த ஒரு பித்தளைத் துண்டு. பாய்வது அது அல்ல, அது பாயவிடுவது.

கிளிநொச்சியிலிருந்து